ஸ்டோவ்னரில் கலைந்த காம்பியக் கட்சி

ஒஸ்லோவுக்கு நான் போனது ஓட்டு எண்ணுவதற்காக. மொத்தம் இருபத்தொரு ஓட்டு. இதற்கு எல்லை தாண்டி ஓர் ஆள் போக வேண்டுமா என்று என் மகன் கேட்டான். அவன் ஸ்வீடனில் வேலை பார்க்கிறான். நானும் மனைவியும் திருச்சியிலிருந்து இரண்டு மாதம் இருக்கலாமென்று அவன் வீட்டுக்கு வந்திருந்தோம். வந்த மூன்றாவது வாரத்தில் லாமின் தொலைபேசியில் அழைத்தார்.

இருபது வருடங்களுக்கு முன் காம்பியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். செனகலின் வயிற்றுக்குள் ஓர் ஆற்றின் இரு கரையாக நீண்டு கிடக்கும் சின்ன நாடு அது. லாமின் அதே பள்ளியில் வரலாறு நடத்தியவர். அன்றைக்கு அங்கே ஒரே ஆள் ஆட்சி. அதை எதிர்த்ததால் நாட்டை விட்டு ஓடி நார்வேயில் தஞ்சமடைந்தார். அங்கிருந்தபடியே ஒரு கட்சி தொடங்கினார். பெயர் புதிய கரைக் கட்சி. சின்னம் துடுப்பு.

"கட்சியைக் கலைப்பதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு, நாதன். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று நம்பவில்லை. உன்னை இரண்டு தரப்பும் நம்புகிறது. வந்து எண்ணிக் கொடு" என்றார்.

கலைக்க வேண்டும் என்ற தரப்பின் தலைவி ஈசாட்டு. அவளும் அந்தப் பள்ளியில் என்னிடம் படித்தவள். இப்போது ஒஸ்லோவில் முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். ஆப்பிரிக்கக் கட்சியை ஐரோப்பாவில் ஏன் கலைக்க வேண்டும் என்று லாமினிடம் கேட்டேன். கட்சியின் சட்டவிதியை எழுதியது ஒஸ்லோவில். கலைக்கும் அதிகாரம் கட்சியைத் தொடங்கிய உறுப்பினர்களுக்கு மட்டும் என்று விதி. அவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் ஒஸ்லோவில்தான் இருக்கிறார்கள் என்றார் லாமின். விதியை எழுதியவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். மார்ச் மாதம். வெயிலில் கண் கூசியது, தெருவில் பனி இறுகிக் கிடந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது திருச்சிக்காரனுக்கு எளிதில் பிடிபடாது. சுரங்க ரயிலில் ஏறி ஸ்டோவ்னர் போகச் சொல்லியிருந்தார்கள். தடத்தின் எண்ணைச் சரியாகப் பார்த்து, திசையைத் தவறவிட்டேன். ரயில் நகரை ஒரு வட்டம் அடித்து, அரைமணி நேரத்தில் ஏறிய நிலையத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. இறங்கி மறுபடி ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி என் பெட்டியையும் முகத்தையும் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "எல்லோருக்கும் ஒரு தடவை நடப்பதுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஊரில் முன்பின் தெரியாதவர் என்னிடம் தானாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

லாமின் வீட்டில் நான் தங்கவில்லை. தேர்தல் அதிகாரி ஒரு தரப்பின் வீட்டில் தங்கக்கூடாது என்று ஈசாட்டு சொல்லியிருந்தாள், லாமினும் ஒப்புக்கொண்டிருந்தார். அதனால் என்னை ஸ்டோவ்னரில் சிவராசா வீட்டில் விட்டார்கள். சிவராசா யாழ்ப்பாணத்துக்காரர். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மண்டபம் அவர் பொறுப்பில் இருந்தது. சனிக்கிழமை அங்கே தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை காம்பியர்களின் கூட்டம். அந்தப் பழக்கத்தில், "உங்கள் பாஷைக்காரர் ஒருவர் வருகிறார், இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று லாமின் கேட்டிருக்கிறார்.

"வாங்கோ மாஸ்டர், வாங்கோ. உதிலை சறுக்கும், கவனமா வாங்கோ" என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார் சிவராசா. அவர் மனைவி பவானி திருகோணமலை. மழலையர் பள்ளியில் வேலை. அன்று இடியப்பம், கொட் மீனில் சொதி, தேங்காய்ச் சம்பல். குளிர்நாட்டு மீன் தேங்காய்ப்பாலில் இவ்வளவு இணங்கிப் போகும் என்று நான் நினைக்கவில்லை. "போதும்மா, ஃபுல்லா சாப்பிட்டாச்சு" என்றேன். பவானி சிரித்துவிட்டார். "உங்கடை ஆக்கள் கதைக்கேக்கை பாதி இங்கிலிஷ். எங்கடை பிள்ளையள் பாதி நொஸ்க். ஆருக்கு ஆர் பரவாயில்லை எண்டு தெரியேல்லை" என்றார். நொஸ்க் என்றால் நார்வே மொழி.

கட்சியின் வரலாற்றை முதலில் எனக்குச் சொன்னவர் சிவராசாதான். அவர் கட்சியைக் கதிரைக் கணக்கில் பார்த்தவர். கதிரை என்றால் நாற்காலி.

"அவையள் முதன்முதல் வரேக்கை பத்துக் கதிரை கேட்டவை, மாஸ்டர். ஒருத்தர் லாப்டொப்பிலை ரேடியோ நடத்துவார், மற்றவை சுத்தி இருப்பினம். பேந்து முப்பது. பேந்து அங்கத்தைய ஜனாதிபதி எலெக்‌ஷனிலை தோத்த நேரம் பாருங்கோ, நூற்றி இருவது கதிரை! எங்கடை தமிழ் வகுப்புக் கதிரையும் குடுத்தனான். ஸ்வீடனிலையிருந்து, ஜெர்மனியிலையிருந்து எல்லாம் சனம். சமையல், பாட்டு, அழுகை. பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு குடுத்தவை. அடுத்த கிழமை பாதிப்பேர் ஊருக்குப் போட்டினம்."

"பிறகு?"

"பேந்து என்ன. அறுவது. நாப்பது. போன வருசம் பதினெட்டு." சொதியை இன்னொரு கரண்டி ஊற்றினார். "நாங்களும் உப்பிடித்தான் மாஸ்டர். ஒரு சங்கம் ரண்டாகும், ரண்டு நாலாகும், பேந்து கதிரை அடுக்க நான் மட்டும்தான்."

சனிக்கிழமை காலை லாமினையும் பிற்பகல் ஈசாட்டுவையும் பார்த்தேன். அதிகாரி இரு தரப்பையும் சம நேரம் கேட்க வேண்டும் என்று நானே வைத்துக்கொண்ட விதி.

லாமின் ஒஸ்லோவின் இன்னொரு ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிறார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வேன் ஓட்டுகிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அதே வரலாற்று வகுப்புக் குரல். சின்னக் கண்ணாடிக் குவளையில் பச்சைத் தேயிலையைக் காய்ச்சிக் காய்ச்சி மூன்று முறை ஊற்றினார். முதல் சுற்று கசப்பு, மூன்றாவது வெறும் சர்க்கரை.

காம்பியாவில் ஓட்டுச் சீட்டு கிடையாது. ஒவ்வொரு கட்சிக்கும் அதன் நிறம் பூசிய ஒரு இரும்பு டிரம். வாக்காளர் கையில் ஒரு கோலிக்குண்டைக் கொடுப்பார்கள். அதை டிரம்மின் குழாயில் போட்டால் உள்ளே ஒரு மணி அடிக்கும். இரண்டு முறை அடித்தால் கள்ள ஓட்டு. நான் அங்கே இருந்தபோது பள்ளியில் பார்த்திருக்கிறேன். நம் ஊர் இயந்திரத்தின் நீண்ட பீப் ஒலியை விட அந்த மணி எனக்குப் பிடித்திருந்தது.

"கட்சியைப் பதிவு செய்யப் போனபோது நல்ல நிறமெல்லாம் போய்விட்டது" என்றார் லாமின். "எங்களுக்குப் பழுப்பு கிடைத்தது. துருப்பிடித்த டிரம்முக்கும் எங்கள் டிரம்முக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று ஒரு கிழவி என்னிடமே சொன்னார்."

சிரித்தார். நான் சிரித்து முடிக்கும் முன் அவர் நிறுத்திவிட்டார்.

ஆட்சி மாறியதும் லாமின் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, சில வருடம் இருந்துவிட்டுத்தான் மறுபடி ஒஸ்லோ வந்தார். பொதுத்தேர்தலில் கட்சி பதினான்கு இடங்களில் நின்று ஓரிடத்தில் ஜெயித்தது. அது லாமின் நின்ற இடமல்ல. கடற்கரைத் தொகுதியொன்றில் மீனவர் கூட்டுறவில் எழுத்தராக இருந்த இளைஞர் ஜெயித்தார். அன்றிரவு கட்சிக்காரர்கள் விடிய விடிய நடந்தே தலைநகருக்கு வந்தார்களாம். இரண்டு வருடம் முடிவதற்குள் அந்த இளைஞர் ஆளுங்கட்சிக்குப் போய்விட்டார். போகும் முன் லாமினிடம் நேரில் வந்து சொன்னார்: "என் ஊருக்கு ஐஸ் ஆலை வேண்டும். உங்களால் வாங்கித் தர முடியாது."

"அவன் ஊருக்கு ஐஸ் ஆலை வந்ததா?" என்று கேட்டேன்.

"வந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை" என்றார்.

ஈசாட்டு ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்கு வந்தாள். சீருடைக்கு மேல் கோட்டு. வேலைக்கு நடுவே ஓடி வந்திருந்தாள். பையிலிருந்து வெண்ணெய்த் தாளில் சுற்றிய ரொட்டியை எடுத்தாள். உள்ளே பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி. பாதியை எனக்குக் கொடுத்தாள். திரட்டுப்பாலில் உப்புப் போட்டது போலிருந்தது.

"சார், எங்கள் தேர்தல் அறிக்கை நாற்பது பக்கம். அதில் முப்பத்தாறு பக்கம் அந்த ஆள் என்னென்ன செய்தான் என்பது. அவன் போய்விட்டான். மிச்சம் நான்கு பக்கம். தண்ணீருக்கு அரைப் பக்கம்" என்றாள். "போன உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வார்டில் எங்கள் டிரம்மில் நான்கு கோலி. வேட்பாளர் வீட்டிலேயே ஆறு ஓட்டு."

பெரிய கட்சி ஒன்று இவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மூன்று தொகுதி தருகிறோம் என்றது. கட்சியைக் கலைத்துவிட்டு வர வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. அதில் ஒரு தொகுதியில் ஈசாட்டு நிற்க நினைத்தாள். ஒஸ்லோவில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டுப் போகவும் தயாராக இருந்தாள்.

"லாமின் சாருக்குக் கட்சி என்றால் உஸ்மான். அவரைக் காட்டிக் காட்டியே எங்களை உட்கார வைத்துவிட்டார்" என்றாள். "நாளைக்கு உஸ்மானும் வருகிறார், தெரியுமா?"

தெரியாது. மிச்ச ரொட்டியைத் தாளில் மடித்து வைத்தேன். அவள் கவனிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

உஸ்மான் எங்கள் பள்ளியின் பியூன். மணி அடிப்பதும், அறைகளைத் திறப்பதும், ஆசிரியர்களுக்குத் தேநீர் கொண்டுவருவதும் அவர் வேலை. பரீட்சைத் தாள் அச்சடிக்கும் நகல் இயந்திர அறைக்கு நான் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை லாமின் என்னிடம் அந்த அறைச் சாவியைக் கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. என் கையால் கொடுத்தேன். திங்கட்கிழமை படகுத்துறையில் அரசை எதிர்த்து ஒரு பக்கத் துண்டறிக்கை பரவியது. அந்தத் தாள்களின் ஓரத்தில் எங்கள் இயந்திரம் எப்போதும் போடும் கறுப்புக் கோடு இருந்தது.

செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று என்னைக் கேட்டார்கள். "அலுவலகத்தில் மாட்டியிருக்கும். பியூன்தான் எடுத்துத் திறப்பார்" என்றேன். மற்ற நாட்களில் அப்படித்தான். பொய் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை விடியற்காலை உஸ்மானைப் பிடித்தார்கள். அன்றே லாமின் எல்லையைத் தாண்டிவிட்டார். உஸ்மான் பதினோரு மாதம் சிறையில் இருந்தார். படகுத்துறையில் லாமினுக்காகத் தாள்களைக் கொடுத்தது அவர்தான், ஆனால் யார் பெயரையும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது இடது கால் மடங்கவில்லை. இதெல்லாம் நான் திருச்சிக்குத் திரும்பிய பிறகு லாமினின் கடிதங்களில் தெரிந்துகொண்டது. நான் போலீசிடம் சொன்னதை லாமினுக்கு எழுதவில்லை.

அந்தக் கைதுதான் கட்சிக்கு முதல் அத்தியாயம். லாமின் ஒஸ்லோவிலிருந்து மனு மேல் மனு போட்டு உஸ்மானை வரவழைத்தார். சுவரொட்டிகளில் உஸ்மானின் படம் போட்டார்கள். பதினாறு வருடமாக உஸ்மான் ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில், ஹவுகெட்டோவில் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். நம் ஊரில் பொதுக்குழு என்றால் மண்டபத்து வாசலில் பிரியாணி அண்டா இறங்கும், வெள்ளைச் சட்டைகள் கார்களில் வந்து குவியும். இங்கே இருபத்தொரு பேர் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார்கள். சிவராசா கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார். எண்ணியும் வைத்திருந்தார்.

உஸ்மான் கடைசியாக வந்தார். மெலிந்திருந்தார். நீட்டிய காலை ஒரு பக்கமாகச் சுழற்றி நடந்து வந்து, "மிஸ்டர் நாதன், வயதாகிவிட்டது உங்களுக்கு" என்று கை கொடுத்தார். "உங்களுக்கும்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

முதலில் லாமின் பேசினார். இந்தக் கட்சி ஒரு கட்டடத்தில் பிறக்கவில்லை, ஒரு சிறை அறையில் பிறந்தது. அதைக் கலைத்தால் அந்தப் பதினோரு மாதத்தைக் கலைப்பதாகும் என்றார். எல்லோரும் உஸ்மானைப் பார்த்தார்கள். பிறகு ஈசாட்டு பேசினாள். தண்ணீரைப் பற்றியும் மூன்று தொகுதிகளைப் பற்றியும் சொன்னாள். கடைசியில் உஸ்மான் கை தூக்கினார். அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லையாம்.

"நான் சிறைக்குப் போனது கட்சிக்காக அல்ல. அப்போது கட்சி கிடையாது" என்றார். "ஒரு காகிதத்தைக் கொடுத்ததற்காகப் போனேன். காகிதம் கொடுக்கிறவனைப் பிடிக்கக்கூடாது என்பதற்காகக் கொடுத்தேன். இன்றைக்கு என் ஊரில் யார் வேண்டுமானாலும் காகிதம் கொடுக்கலாம். என் வேலை முடிந்தது. என்னைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள்."

லாமின் தலையைத் தூக்கவே இல்லை.

ஓட்டெடுப்பைக் கோலியில்தான் நடத்த வேண்டும் என்று இரு தரப்புமே கேட்டிருந்தன. பவானி கொடுத்த இரண்டு பிஸ்கட் டின்களின் மூடியில் ஓட்டை போட்டு, விழும் சத்தம் வெளியே கேட்காமலிருக்க அடியில் அரிசி பரப்பி, மண்டபத்துச் சமையலறையில் வைத்தேன். ஒன்றில் 'தொடர்க', ஒன்றில் 'கலைக்க'. ஒவ்வொருவராகக் கோலியோடு உள்ளே போனார்கள். சிலர் உடனே வந்தார்கள். ஒரு பெரியவர் ஐந்து நிமிடம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் கோலியைக் கையில் வைத்துக்கொண்டு குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

எல்லோர் முன்னாலும் டின்களைக் கவிழ்த்தேன். அரிசியை விலக்கி எண்ணினேன். இரண்டாம் முறையும் எண்ணினேன். தொடர்க பத்து. கலைக்க பதினொன்று.

கைதட்டல் இல்லை. ஈசாட்டு எழுந்து லாமினிடம் போனாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தேர்தல் ஆணையத்துக்கான கடிதம் தயாராக இருந்தது. லாமின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, கையெழுத்துப் போட்டார். நானும் சாட்சியாகப் போட்டேன். சிவராசா கதவருகே நின்று, "முடிஞ்சுதே மாஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்பதற்கு அவர்களைப் போல ஓம் என்றேன். என் வாயிலும் அந்தச் சொல் வந்துவிட்டிருந்தது.

உஸ்மானை ஹவுகெட்டோவில் விட்டுவர நானே முன்வந்தேன். தரை வழுக்குகிறது, துணைக்கு வருகிறேன் என்று காரணம் சொன்னேன். பவானி என் பூட்ஸுக்கு அடியில் ஆணி வைத்த ரப்பர் பட்டை மாட்டிவிட்டார். "இண்டைக்கு ஞாயிறு, ஹவுகெட்டோப் பக்கத்து லைன் திருத்தினம். ரயில் ஓடாது, 'புஸ் ஃபோர் தூக்' தான்" என்று எச்சரித்தார். ரயிலுக்குப் பதில் பேருந்து. அந்த நாட்டில் எல்லோரும் பெருமூச்சோடு சொல்லும் மூன்று சொற்கள்.

ஸ்டோவ்னரிலிருந்து சுரங்க ரயிலில் மத்திய நிலையம் வரை வந்தோம். பேருந்து எங்கே நிற்கிறது என்று மஞ்சள் உடுப்புக்காரர் ஒருவர் காட்டிய திசையில் போனால், இன்னொரு மஞ்சள் உடுப்புக்காரர் எங்களை வந்த வழியே திருப்பி அனுப்பினார். உஸ்மான் முணுமுணுக்கவில்லை. காலைச் சுழற்றிச் சுழற்றி நடந்தார். பேருந்தில் முன் இருக்கை கிடைத்தது. காலைப் பேருந்தின் நடுவழியில் நீட்டிக்கொண்டார். கீழே ஃபியோர்டின் கடல்நீரில் வெயில் பட்டுக் கிடந்தது.

"உஸ்மான், போலீசிடம் உங்களைக் காட்டியது நான்" என்றேன்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது இதைவிட நீளமான வாக்கியம். மீதியையும் சொன்னேன். சாவியை லாமினிடம் கொடுத்தது, கேட்டபோது என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை. எல்லாம் சொல்ல இரண்டு நிறுத்தம்தான் ஆனது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசாரணை அதிகாரி முதல் நாளே சொன்னான். உன் பள்ளி டீச்சர் ஒருவர்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தார் என்று" என்றார். "நான் டீச்சர் என்று கூப்பிட்டது லாமினை மட்டும்தான். உங்களை மிஸ்டர் நாதன் என்பேன். நீங்கள் என் நினைப்பிலேயே வரவில்லை."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"லாமின் என்றா நினைத்தீர்கள்? இத்தனை வருடமும்?"

"என்னைப் பிடித்தார்கள். அவரைக் கேட்கக்கூட இல்லை. எல்லையைத் தாண்டிவிட்டார். பிறகு மனுப் போட்டு என்னை வரவழைத்தார், வீடு பார்த்துக் கொடுத்தார், படம் போட்டார். குற்றம் செய்தவன் கடனைக் கட்டுகிறான் என்று நினைத்தேன். கட்டட்டும் என்று இருந்தேன்." முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "காலையில் நான் பேசியது நல்ல பேச்சு, இல்லையா? ஒரு வாரம் யோசித்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் என் கோலி அதற்காக விழவில்லை. லாமின் முகம் வாடுவதைப் பார்ப்பதற்காக விழுந்தது."

பத்து, பதினொன்று. கணக்கு வாத்தியாருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் கோலி மறுபக்கம் விழுந்திருந்தால் கட்சி இருந்திருக்கும்.

ஹவுகெட்டோவில் இறங்கினோம். பனியின் மேல் சரளைக்கல் தூவியிருந்தார்கள். என் ஆணிப் பட்டை அதில் கிரீச்சிட்டது. நிறுத்தத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து உஸ்மான் தொலைபேசியை எடுத்தார். மாண்டின்கா மொழியில் பேசினார். எனக்கு அதில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். அவை இரண்டும் வரவில்லை. என் பெயர் இரண்டு முறை வந்தது. கடைசியில் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"நாதன்" என்றார் லாமின். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இவர் பதினாறு வருடத்தில் என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தெரியுமா உனக்கு? கூப்பிடும்போதெல்லாம் வயிறு சரியில்லை, வேலை, நோன்பு. என் மனைவி சமையலைத்தான் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்."

"லாமின், ஓட்டெடுப்பை மறுபடி நடத்த…"

"எண்ணி அறிவித்தாகிவிட்டது. அறிவித்தது நீ" என்றார். பிறகு, "நாளை மதியம் உஸ்மான் இங்கே சாப்பிட வருகிறார். உன் வண்டி மாலையில்தானே? நீயும் வா" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை சிவராசாவிடமும் பவானியிடமும் விடைபெற்றுக்கொண்டு பெட்டியோடு எல்லிங்ஸ்ருட் போனேன். லாமின் வேனை ஓட்டி முடித்து வந்து, அவரே சமைத்திருந்தார். பெனாச்சின். மீனும் கத்தரிக்காயும் முட்டைக்கோசும் அரிசியும் ஒரே பாத்திரத்தில் வேகும். உஸ்மான் எனக்கு முன்பே வந்திருந்தார். கடிதத்தைக் காலையில் அனுப்பிவிட்டதாக லாமின் சொன்னார். கட்சியைப் பற்றி அன்று பேசியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பழைய தலைமையாசிரியரைப் பற்றி. அவர் நடப்பதைப் போல் உஸ்மான் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டிக் காட்டினார். லாமின் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சாப்பாட்டை எடுத்து வைக்க லாமின் எழுந்தபோது உஸ்மான் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தாமே எழுந்தார். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் கொட்டி, மீனை நடுவில் வைத்து, தரை விரிப்பில் இறக்கினார். அதைச் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். காம்பியாவில் இருந்த நான்கு வருடமும் ஆசிரியர் அறையில் நானும் அப்படித்தான் சாப்பிட்டேன். மீனின் நல்ல பக்கத்தை உஸ்மான்தான் என் பக்கம் தள்ளிவிடுவார்.

பிறகு அவர் அலமாரியைத் திறந்து ஒரு பீங்கான் தட்டை எடுத்தார். அதில் சோறு வைத்தார், ஒரு துண்டு மீன் வைத்தார், ஒரு கரண்டியும் வைத்து, மேஜை மேல் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடுங்கள், மிஸ்டர் நாதன்" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. திரும்பிப் போய், காலை நீட்டித் தரையில் லாமினுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

நான் மேஜையில் உட்கார்ந்து கரண்டியால் சாப்பிட்டேன். மீன் நன்றாக வெந்திருந்தது.